மிதிக்காதபோது எத்தனை வோல்ட்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமிருந்து வரும் கார், காலாப்பட்டைத் தாண்டிப் பிள்ளைச்சாவடிக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சாலையோரக் கடைகள், பேருந்துக்குக் கைகாட்டுகிறவர்கள், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வாசலில் சாலையைக் கடக்கும் மாணவர்கள். (2020 வரை அது புதுவைப் பொறியியல் கல்லூரி.) அதுவரை ஐந்தாவது கியரில் சீராக ஓடிவந்த கார் இங்கே இரண்டாவது கியருக்கு இறங்குகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிடிக்கும் ஒரு நோய் தன்னைக் காட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத வண்டி, ஊர்ந்து போகும்போது முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி இழுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஆர்பிஎம் 1500க்குக் கீழே இறங்காமல் தொங்கும். அல்லது இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும், வேகத்தடை முன்னால் அப்படியே அடங்கிவிடும். ‘ஜெர்க் அடிக்குது’, ‘ஐடிலிங் நிக்கல’ என்று ஷெட்டில் சொல்லுவார்கள். பிளக் மாற்றப்படும், பெட்ரோல் ஃபில்டர் மாற்றப்படும், இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்யப்படும். கடைசியில்தான் த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா கண்ணில் படும். த்ராட்டில் பொசிஷன் சென்சார், சுருக்கமாக டிபிஎஸ். ‘டிபிஎஸ் போயிருக்கு சார், மாத்திடலாம்.’

பெரும்பாலும் அது போயிருக்காது. அதன் பூஜ்யம் இடம் மாறியிருக்கும். இந்த அத்தியாயம் அந்தப் பூஜ்யத்தைப் பற்றியது.

புதுச்சேரியில் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அண்டை மாநிலங்களைவிட இங்கே சாலை வரி குறைவு. அதனால் விலையுயர்ந்த கார்கள் பல இந்தச் சிறு பிரதேசத்தில் பதிவாகி, ‘பி.ஒய்.’ எண் பலகையோடு வேறு ஊர்களில் ஓடின. 2017இல் கேரள அரசு அவற்றைத் துருவி விசாரித்தபோது இது நாடெங்கும் செய்தியானது. ஆனால் நம் பேச்சு புதிய கார்களைப் பற்றியது அல்ல. ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உண்மையான கேபிள் ஒன்று ஓடிய காலத்து வண்டிகள், அதாவது 1980களிலும் 90களிலும் வந்தவை, நமக்குப் பொருள்.

ஆக்சிலேட்டர் மிதி பெட்ரோலைத் திறந்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் அது திறப்பது காற்றை. எஞ்சினுக்குள் போகும் காற்றுக் குழாயின் குறுக்கே காசு போல வட்டமான பித்தளைத் தகடு ஒன்று, நடுவே செல்லும் தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. இதைத்தான் பட்டர்ஃபிளை என்கிறார்கள். காலை அழுத்தினால் கேபிள் இழுக்கும், தகடு திரும்பும், காற்று உள்ளே போகும். எவ்வளவு காற்று போனதோ அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தூவுவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் வேலை.

தகடு மூடியிருக்கும் நிலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1.5 லிட்டர் எஞ்சின் ஒன்று ஐடிலிங்கில், நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது உறிஞ்சும் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 3 கிராம். தகட்டுக்கு இந்தப் பக்கம் வளிமண்டல அழுத்தம். அந்தப் பக்கம் எஞ்சின் இழுப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு பக்க அழுத்தம் மறுபக்கத்தின் 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், இடுக்கு வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு துளிக் காற்றும் வராது. ஷெட்டில் அசையாமல் நிற்கும் காரின் த்ராட்டில் பாடிக்குள், தகட்டின் விளிம்பை ஒட்டி, காற்று விநாடிக்கு 300 மீட்டருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தால் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ அதன் சத்தம்தான்.

ஒலி வேகத்தில் பாயும் காற்றின் அளவைத் தீர்மானிப்பது இடுக்கின் பரப்பு மட்டுமே. கணக்குப் போட்டால் அந்த 3 கிராம் காற்றுக்கு வேண்டிய பரப்பு சுமார் 15 சதுர மில்லிமீட்டர். நாலரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை போதும். குழாயின் விட்டமோ 50 மி.மீ., பரப்பு 1,960 சதுர மில்லிமீட்டருக்கு மேல். எஞ்சின் உயிரோடிருக்க அதில் ஒரு சதவீதம்கூடத் தேவையில்லை. அந்த ஒரு சதவீதத்திலும் பெரும்பகுதி தகட்டைச் சுற்றிச் செல்லும் தனி வழியில், ஐடில் கன்ட்ரோல் வால்வு மூலம் போகிறது. தகட்டின் விளிம்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

இப்போது தகட்டைத் திருப்புவோம். மூடிய நிலையில் அது குழாயின் குறுக்குவெட்டிலிருந்து 6 டிகிரி சாய்வில் இருப்பதாகக் கொண்டால், ஒரு டிகிரி திறந்ததும் புதிதாகக் கிடைக்கும் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர். நான்கு டிகிரி திறந்தால் 19. அதாவது முழுத் திறப்பான 84 டிகிரியில் முதல் நான்கு டிகிரிக்குள்ளேயே எஞ்சினுக்குப் போகும் காற்று இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதே நான்கு டிகிரியை எழுபதுக்குப் பக்கத்தில் திருப்பினால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. த்ராட்டிலின் முழு நாடகமும் தொடக்கத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. டிபிஎஸ் சரிசெய்வது என்றால் இந்த முதல் ஓரிரு டிகிரியைச் சரியாகச் சொல்ல வைப்பது. மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

காற்றை அளக்கத் தனியாக வேறு சென்சார் இருக்கும்போது தகட்டின் கோணம் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காற்றளவு என்பது நடந்து முடிந்த செய்தி. தகட்டின் கோணம் ஓட்டுநரின் விருப்பம், அதாவது நடக்கப்போகும் செய்தி. சட்டென்று மிதித்தால் உறிஞ்சு குழாயில் அழுத்தம் திடீரென ஏறும். தூவிய பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்காவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும். பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களின் கார்புரேட்டருக்குள் இருந்த சிறிய ஆக்சிலேட்டர் பம்ப், மிதித்ததும் ஒரு பீச்சு பெட்ரோல் விட்டு இதைச் சமாளித்தது. இன்ஜெக்ஷன் வந்ததும் அந்தப் பொறுப்பு மின்சாரத்துக்கு மாறியது.

1967இல் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்ஷன் முறையைக் கொண்டுவந்தபோதே இப்படி ஒரு பாகம் அதில் இருந்தது. போர்ஷே 914, வோல்வோ 1800இ போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் அதைப் பயன்படுத்தின. உள்ளே சீப்புப் பல் வரிசையாக மின் தடங்கள். மிதிக்கும்போது ஒரு நுனி அந்தப் பற்களின் மேல் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு பல்லுக்கும் கூடுதலாக ஒரு துடிப்பு பெட்ரோல். காலை எடுக்கும்போது பற்கள் பேசாது. மின்னணுவியல் விலை மிகுந்திருந்த காலத்தில், காலின் வேகத்தை எண்ணிக்கையாக மாற்றிய இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தியச் சாலைகளுக்கு இது வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1999இல் உச்ச நீதிமன்றம் தில்லியின் காற்றுக்காக யூரோ தரங்களை முன்கூட்டியே கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டே மாருதி 800கூட எம்பிஎஃப்ஐ, அதாவது மின்னணு இன்ஜெக்ஷன் வண்டி ஆனது. 2001இல் சென்னைக்கும் இரண்டாம் கட்டத் தரம் வந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் காதால் கேட்டே திருகிப் பழகிய கைகளுக்கு முன்னால் திடீரென்று வயர்களும் வோல்ட்டுகளும் வந்து நின்றன. பழக்கம் மட்டும் மாறவில்லை. எந்த ஸ்க்ரூ கண்ணில் பட்டதோ அதைத் திருகினார்கள். இன்றைக்கும் பழைய கார்களில் நாம் காணும் டிபிஎஸ் கோளாறுகளில் பல அந்தத் திருகலின் மிச்சம்.

டிபிஎஸ்ஸைத் திறந்தால் உள்ளே கரித்தடம் ஒன்று வளைவாகப் பூசப்பட்டிருக்கும். தண்டோடு சேர்ந்து திரும்பும் சின்னஞ்சிறு உலோகத் துடைப்பான் அதன் மேல் நகரும். பழைய வானொலிப் பெட்டியின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் இதே அமைப்புதான். பல வருடம் ஓடிய வானொலியில் குமிழைத் திருப்பினால் ஓரிடத்தில் ‘கரகர’ என்று கேட்குமே, டிபிஎஸ்ஸும் அப்படித்தான் தேய்கிறது. வானொலியில் காது கேட்கும் கரகரப்பைக் காரில் கம்ப்யூட்டர் கேட்கிறது.

தடத்தின் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் எர்த். துடைப்பான் நிற்கும் இடத்துக்கேற்ப நடுவயரில் வோல்ட் கிடைக்கும். தகடு மூடியிருந்தால் அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் நாலரை வோல்ட் என்பது பொதுவான ஏற்பாடு. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஏன் வைக்கவில்லை? வயர் அறுந்தால் பூஜ்யம் வரும், 5 வோல்ட்டோடு ஒட்டிக்கொண்டால் ஐந்து வரும். இரண்டு ஓரங்களையும் காலியாக விட்டுவைத்தால், அங்கிருந்து செய்தி வரும்போது இது காலின் வேலை அல்ல, கோளாறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்.

நாலு வோல்ட் 84 டிகிரிக்குப் பிரிகிறது என்றால் ஒரு டிகிரிக்கு 48 மில்லிவோல்ட். அந்தக் காலத்து 8 பிட் கம்ப்யூட்டர் 5 வோல்ட்டை 256 படிகளாகப் பிரித்துப் படிக்கும், படிக்கு 19.5 மில்லிவோல்ட். ஒரு டிகிரி என்பது அதற்கு இரண்டரைப் படி. சென்சாரின் காது துளைகளில் இருக்கும் நீள்வெட்டில் டப்பாவை இம்மி நகர்த்தினாலும் நாலைந்து படி மாறிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜெர்க் அடிப்பதன் காரணத்துக்கு வரலாம். காலை எடுத்துவிட்டு வண்டி உருண்டுகொண்டிருந்தால் பெட்ரோல் வீண். ஆகவே தகடு மூடியிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் ஏறத்தாழ 1500க்கு மேல் இருக்கிறது என்றால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழுந்து குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் மறுபடி திறக்கும். இப்போது டிபிஎஸ் கொஞ்சம் தவறான பக்கம் திரும்பியிருக்கிறது, தகடு ஒன்றரை டிகிரி திறந்த பிறகும் ‘மூடித்தான் இருக்கிறது’ என்று சொல்கிறது என்று வையுங்கள். பிள்ளைச்சாவடியின் நெரிசலில் ஓட்டுநர் காலை மெல்ல வைத்து ஊர்ந்து போகிறார். ஆர்பிஎம் 1800. கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது, வண்டி பின்னுக்கு இழுக்கிறது. ஆர்பிஎம் விழுகிறது, பெட்ரோல் திரும்ப வருகிறது, வண்டி முன்னால் பாய்கிறது. பாய்ந்ததும் மறுபடி நிறுத்தம். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலை ஆடும் தாளம் இதுதான். பிளக்குக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மறுபக்கம் திரும்பியிருந்தால் விளைவு வேறு. காலை முழுக்க எடுத்தாலும் ‘லேசாக மிதித்திருக்கிறது’ என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் ஐடில் நிலைக்கே வராது. ஐடில் வால்வைக் கொண்டு ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்தும் வேலையை அது தொடங்காது. அதனால் சில நேரம் ஆர்பிஎம் மேலேயே தொங்கும், சில நேரம் தாங்குவார் இல்லாமல் எஞ்சின் அடங்கிவிடும்.

எல்லாக் கார்களும் இந்தப் பூஜ்யத்தை ஒரே விதமாகச் சொல்வதில்லை. போர்ஷே 944இல் இருப்பது வெறும் சுவிட்ச். மூடியிருக்கிறதா, முழுக்கத் திறந்திருக்கிறதா என்ற இரண்டு செய்தியைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர், கையால் கியர் போடும் வகையிலும் அப்படியே. அதைச் சரிசெய்ய வோல்ட்டே தேவையில்லை. த்ராட்டில் நெம்புகோலுக்கும் அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்க்ரூவுக்கும் இடையே 0.25 மி.மீ. ஃபீலர் கேஜைச் செருகினால் ஐடில் சுவிட்ச் இணைந்திருக்க வேண்டும்; 0.40 மி.மீ. செருகினால் பிரிந்துவிட வேண்டும். மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலி நின்றதா இல்லையா என்பதே தீர்ப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.15 மி.மீ., இரண்டு தலைமுடியின் கனம்.

செவ்ரோலே கார்வெட்டில், 1985 முதல் 1989 வரை வந்த எல்98 எஞ்சினில், சுவிட்ச் கிடையாது, வோல்ட் மட்டுமே. தகடு மூடியிருக்கும்போது 0.54 வோல்ட். அந்த எண் கார்வெட் பிரியர்களிடையே ஒரு மந்திரம் போலப் புழங்குகிறது.

நமக்கு நெருக்கமானது மூன்றாவது வகை. 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. நம் சாலைகளில் ஓடிய அந்த லான்சரின் உறவுக்காரன்தான் லான்சர் எவல்யூஷன். டாமி மேக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலிப் பட்டம் வென்ற கார். திருவள்ளூரிலிருந்தே பின்னர் வந்த லான்சர் சீடியாவும் நம் நாட்டு ராலிகளில் ஓடியது. எவல்யூஷனின் 4ஜி63 டர்போ எஞ்சினில், 1990களில், சுவிட்சும் கரித்தடமும் ஒரே டப்பாவுக்குள் இருந்தன. நெம்புகோலுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே 0.65 மி.மீ. கேஜைச் செருகி, சென்சாரைத் தளர்த்தி, ஐடில் சுவிட்ச் இணைந்த பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, எந்தப் புள்ளியில் இணைப்பு அறுகிறதோ அங்கே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூட இல்லாத அந்த இடைவெளிதான் ‘மிதிக்கவில்லை’ என்பதற்கும் ‘மிதிக்கத் தொடங்கிவிட்டார்’ என்பதற்கும் நடுவிலுள்ள எல்லை.

வேலையில் இறங்குமுன் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தகட்டைச் சற்றுத் திறந்து வைக்க மெழுகு நிரப்பிய சிறு உருளை ஒன்று இருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும் மெழுகு விரிந்து அந்தப் பிடியை விட்டுவிடும். மஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். காலையில் வண்டியைத் தொட்டதும் டிபிஎஸ்ஸை அளப்பவர், மூடாத தகட்டை மூடியதாக நினைத்து அளக்கிறார். அடுத்து கேபிள். அதில் சில மில்லிமீட்டர் தளர்வு இருந்தாக வேண்டும். இறுக்கமான கேபிள் தகட்டை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். பிறகு கரி. தகட்டின் பின்பக்க விளிம்பில் எண்ணெய்ப் பசையோடு படியும் கறுப்புப் படலத்தைத் துணியில் கிளீனர் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். சற்றுமுன் பார்த்த கணக்கின்படி விளிம்பின் சுற்றளவு 157 மி.மீ.; அதில் 0.05 மி.மீ. கனத்துக்குக் கரி படிந்தாலே 8 சதுர மில்லிமீட்டர் அடைபட்டுவிடும். விளிம்பில் மிஞ்சும் அந்தக் கொஞ்ச இடுக்கை அடைக்க அதுவே போதும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கரியால் காற்று குறைந்து ஐடிலிங் விழுகிறது. கரியைத் துடைக்காமல், நெம்புகோலைத் தடுத்து நிறுத்தும் ஸ்க்ரூவை உள்ளே திருகி ஆர்பிஎம்மை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கானது அல்ல. தகடு குழாய்ச் சுவரில் ஆப்பு போல மாட்டிக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை. தொழிற்சாலையில் கருவியில் வைத்துக் காற்றோட்டத்தை அளந்து, ஒரு துளி பெயிண்ட்டால் முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். அதைத் திருகினால் தகட்டின் பூஜ்யமும் போகிறது, சென்சாரின் பூஜ்யமும் போகிறது. எத்தனை நல்ல வண்டிகள் இப்படிக் கெட்டன என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் அந்தப் பெயிண்ட் துளி உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றான பிறகே மல்டிமீட்டர். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், கனெக்டரைக் கழற்றாமல், வயரின் பின்புற ரப்பர் வழியாக மெல்லிய குண்டூசியை நுழைத்து அளப்பது வழக்கம். வயரின் தோலைக் குத்திக் கிழிக்கக் கூடாது, கடலோரத்தில் சுத்தமாகக் கூடாது. சென்சாரைத் தளர்த்துமுன் அதன் விளிம்பையும் த்ராட்டில் பாடியையும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொண்டால், குழம்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஸ்க்ரூக்கள் சிறியவை, பல வருடமாகக் கழலாமல் பிடித்துப்போனவை. தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்பாவிட்டால் தலை மழுங்கிவிடும். வோல்ட் சரியாக வந்ததும் முறுக்குவார்கள். முறுக்கும்போதே ஸ்க்ரூ டப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 0.54 என்று நின்றது 0.58 ஆகிவிடும். ஆகவே கொஞ்சம் முறுக்கி, பார்த்து, மறுபடி முறுக்க வேண்டும். பிறகு காலால் முழுக்க மிதித்து விட்டு, அதே எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, தகட்டைக் கையால் மிக மெதுவாகத் திறந்துகொண்டே போய் வோல்ட் தடையில்லாமல் ஏறுகிறதா என்று கவனிப்பது. இதற்குப் பழைய முள் மீட்டர் மேலானது. டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நடுவில் கணநேரம் அறுந்து சேர்ந்தால் அதற்குத் தெரியாது. முள் துடிப்பது கண்ணில் பட்டுவிடும். கரித்தடம் அதிகம் தேய்வது, கால் அதிக நேரம் நிற்கும் இடத்தில், அதாவது மூடிய நிலையை அடுத்த சில டிகிரிகளில். அங்கே முள் உதறினால் சரிசெய்து பயனில்லை, சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

பிள்ளைச்சாவடியில் நிற்கும் வண்டிக்கு இன்னொரு சோதனையும் தேவை. 1989 வாக்கில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. அதற்கு வடக்கே உள்ள மீனவக் கிராமங்களில் கரை அரிக்கப்பட்டு, கடல் வீடுகளை நெருங்கி வந்தது. பிள்ளைச்சாவடியும் அவற்றில் ஒன்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி, சாலை வரையும் அதற்கு அப்பாலும் வந்து படிகின்றன. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும் இயல்புடையது. கடலோரத்தில் இரவெல்லாம் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல். கனெக்டருக்குள் படிந்த உப்பு இரவில் மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிறது, நண்பகலில் காய்ந்து மறுபடி துகளாகிறது. காலையில் ஐடிலிங் நிற்காத வண்டி மெக்கானிக் வந்து பார்க்கும் மதியத்தில் நல்ல பிள்ளையாக ஓடுவது இதனால்தான்.

அந்தப் படலம் 5 வோல்ட் பின்னுக்கும் நடுவயரின் செய்தி பின்னுக்கும் நடுவே 50,000 ஓம் கசிவை உண்டாக்கினால் போதும். 5,000 ஓம் சென்சாரில் ஐடில் வோல்ட் 40 மில்லிவோல்ட் ஏறிவிடும். கிட்டத்தட்ட ஒரு டிகிரி. செய்தி பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே கசிவு இருந்தால் இறங்குவது 4 மில்லிவோல்ட்தான், ஏனென்றால் அரை வோல்ட்டிலிருந்து எர்த் பக்கத்தில்தான் இருக்கிறது. எர்த் பின் பச்சை பூத்து 50 ஓம் தடை சேர்ந்தால், சென்சாரில் ஓடும் ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் அதில் 50 மில்லிவோல்ட்டை ஏற்றிவிடும். மீண்டும் ஒரு டிகிரி. கடல் எந்த வழியில் வந்தாலும் பெரிய பிழை ஒரே பக்கம் சாய்கிறது: யாரும் மிதிக்காத ஆக்சிலேட்டரை மிதித்ததாகச் சொல்லும். மூன்று பின்களில் 5 வோல்ட் பின்தான் முதலில் அரிக்கப்படும். ஈர உப்பில் நேர்மின் முனையிலிருந்து உலோகம் கரைந்து போவது மின்வேதியியலின் அடிப்படை விதி.

அதனால் மீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். சென்சாரின் எர்த் பின்னில் வைத்து அளந்தால் அந்த 50 ஓம் அளவிலிருந்தே தப்பிவிடும், எல்லாம் சரி என்று மீட்டர் சொல்லும். கம்ப்யூட்டர் பார்ப்பது தன் எர்த்தைப் பொறுத்த வோல்ட்டை. ஆகவே கம்ப்யூட்டர் பக்க எர்த்தை வைத்து ஒருமுறை, சென்சார் பக்க எர்த்தை வைத்து ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சென்சாரின் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மின்கடத்தாக் கிரீஸ் பூசி மாட்ட வேண்டும். பழுதான எர்த்துக்கு ஈடுகட்ட டப்பாவைத் திருப்பி வைத்தால், மதியம் உப்பு காய்ந்ததும் பூஜ்யம் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த ஷெட்டில் அடுத்தவர் அதை மறுபடி திருப்புவார்.

இந்தத் தொல்லையிலிருந்து கார்கள் மெல்ல விலகின. பின்னால் வந்த கம்ப்யூட்டர்கள், தாம் கண்ட மிகக் குறைந்த வோல்ட்டைத் தாமே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளக் கற்றன. நீள்வெட்டுத் துளை போய் வட்டத் துளை வந்தது. கேபிளையே நீக்கிவிட்டு மோட்டார் கொண்டு தகட்டைத் திருப்பும் முறை வந்ததும் ஒரு தடத்தை நம்புவது ஆபத்து என்று இரண்டு தடம் வைத்தார்கள். பலவற்றில் ஒன்றில் வோல்ட் ஏற, மற்றதில் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும், வராவிட்டால் கோளாறு. காந்தத்தைக் கொண்டு தொடாமலே கோணத்தை அறியும் ஹால் சென்சார்களில் தேய்வதற்குத் தடமே கிடையாது.

ஆனால் டிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களோடு நின்றுவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் பாரத் 6 தரம் கட்டாயமானதும் நம் ஊர் பைக்குகளும் ஸ்கூட்டர்களும் இன்ஜெக்ஷனுக்கு மாறின. காலாப்பட்டுக் கல்லூரி மாணவரின் பைக்கிலும், பிள்ளைச்சாவடியில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஸ்கூட்டரிலும் இன்று இது இருக்கிறது. அங்கே அதன் பொறுப்பு காரில் இருப்பதைவிடப் பெரிது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் காற்றைத் தொடர்ச்சியாக உறிஞ்சாது, விட்டு விட்டு இழுக்கும். அழுத்தத்தை மட்டும் வைத்துக் காற்றளவைச் சொல்வது கடினம். ஆகவே பல பைக்குகள் தகட்டின் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் கொண்டே பெட்ரோலைக் கணக்கிடுகின்றன. பந்தயக் கார்களில் நெடுங்காலமாகப் புழங்கும் வழி அது. அந்தக் கணக்கில் கோணம் ஒரு டிகிரி தவறினால் பெட்ரோல் நேரடியாகத் தவறும். அந்த வண்டிகள் நிற்பதும் அதே உப்புக் காற்றில்தான், அதிலும் பானெட் மூடி இல்லாமல்.